சபைப் பணத்தில் பக்கத்து அரசுப் பள்ளிக்கும் சர்ச் கேம்புக்கும் உதவ வேண்டும், எங்கிருந்து தொடங்குவது? (ஓரிகன்)

பாளையங்கோட்டைக்காரன்

வணக்கம். ஓரிகனில் போர்ட்லாந்துக்கு மேற்கே பீவர்ட்டன் பக்கம் இருக்கிறோம். நாங்கள் போவது ஒரு சின்ன மெதடிஸ்ட் சபை, பாதிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள், இந்தியக் குடும்பம் என்று பார்த்தால் எங்களையும் சேர்த்து இரண்டு மூன்றுதான். வருஷ ஆரம்பத்தில் மிஷன் கமிட்டிக்கு ஆள் தேடியபோது நான் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லாததால் என் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

விஷயம் இதுதான். சபையில் நெடுநாள் இருந்த ஒரு அம்மா, அந்தக் காலத்து ஸ்கூல் டீச்சர், உயிலில் சபைக்குக் கொஞ்சம் பணம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு காரியத்துக்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறார். ஒன்று, எதிர்த்தெருவில் இருக்கும் அரசு எலிமென்டரி ஸ்கூல். இன்னொன்று, எங்கள் கான்ஃபரன்ஸ் (வட்டார மெதடிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பு) நடத்தும் கேம்ப், அதாவது கோடையில் பிள்ளைகள் ஒரு வாரம் காட்டுக்குள் தங்கி, நீந்தி, ராத்திரி நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடி, வேதமும் படித்துவிட்டு வருவார்களே, அது. பெரிய தொகை இல்லை, ஆனால் ஒரே வருஷத்தில் ஊதித் தள்ளிவிட மனசு வரவில்லை.

கமிட்டியில் மூன்று கட்சி. ஒருவர் வழக்கம்போல ஆகஸ்டில் ஸ்கூல் பை வாங்கிக் கொடுப்போம், மீதியைக் கேம்புக்கு செக்காக அனுப்புவோம் என்கிறார். இன்னொருவர் அந்த ஸ்கூல் பிள்ளைகளுக்கெல்லாம் கேம்ப் நோட்டீஸ் கொடுத்து, இலவசமாகக் கூட்டிப் போனால் நாலு குடும்பமாவது சபைக்கு வரும் என்கிறார். மூன்றாமவர் பணத்தை அப்படியே போட்டுவைத்து வட்டியைக் கொடுப்போம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு என்ன குழப்பம் என்றால், நம்ம ஊரில் ஸ்கூலுக்கு உதவுவது என்றால் அது சபையின் ஸ்கூலாகவே இருக்கும். அரசாங்கம் சம்பளம் கொடுக்கும், தாளாளர் நம்ம ஆள், காலையில் ஜெபத்தோடுதான் மணியடிக்கும். இங்கே ஸ்கூல் முழுக்க முழுக்க அரசாங்கத்துடையது, எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்றே தெரியவில்லை. இந்த மாதிரி வேலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள். கேம்ப் பற்றியும்: பிள்ளைகளின் கட்டணத்துக்குக் கொடுப்பதா, கட்டடத்துக்குக் கொடுப்பதா?

---

சாக்பீஸ்தூள்

அண்ணா, நான் எலிமென்டரி ஸ்கூலில் உதவி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன், உங்கள் மாநிலம் இல்லை, பக்கத்து மாநிலம். எதையும் வாங்குவதற்கு முன்னால் ஸ்கூல் ஆபீசுக்குப் போன் போட்டு கவுன்சிலரிடம் (பிள்ளைகளின் நலனைக் கவனிக்கிற ஆலோசகர்) பேச நேரம் கேளுங்கள். பிரின்சிபாலிடம் போனால் நன்றி சொல்லி ஒரு கை குலுக்கலோடு முடியும். எந்தப் பிள்ளைக்கு என்ன இல்லை என்பது கவுன்சிலருக்கும் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்.

பை பற்றி. ஆகஸ்டில் எல்லாச் சர்ச்சும் பை கொடுக்கும், பேங்க் கொடுக்கும், கடைக்காரன் கொடுப்பான். எங்கள் ஸ்டோர் ரூமில் பிரிக்காத பை இருக்கிறது, பென்சில் டப்பா இருக்கிறது. ஜனவரி வந்தால் சாக்ஸ் இருக்காது, ஜட்டி இருக்காது, கிண்டர்கார்டன் பிள்ளை சீட்டிலேயே ஒன்றுக்குப் போய்விட்டால் மாற்றிவிட ஒரு பேன்ட் இருக்காது. நர்ஸ் தன் வீட்டிலிருந்து எடுத்து வருவார். இதெல்லாம் போட்டோ எடுத்துச் சபை நியூஸ்லெட்டரில் போட முடியாத சாமான்கள், அதனால்தான் யாரும் கொடுப்பதில்லை என்று எனக்கு ஒரு எண்ணம்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுப் பை தெரியுமல்லவா, சனி ஞாயிறு வீட்டில் சாப்பாடு இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவது. நிறைய சபைகள் இதை நன்றாகச் செய்கின்றன. ஆனால் ஒருமுறை ஒரு குழு அன்பாக அடுக்கி அனுப்பிய பையில் எல்லாம் பழைய மாதிரி டின், திறக்க ஓப்பனர் வேண்டும். அந்தக் குடும்பம் தங்கியிருந்தது மோட்டல் ரூமில், அடுப்பும் கிடையாது ஓப்பனரும் கிடையாது. இழுத்தால் திறக்கிற மூடியா என்று பார்த்து வாங்குங்கள், வெந்நீர் ஊற்றினால் ஆகிற பண்டமாகப் பாருங்கள், அப்புறம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற கனமா என்று நீங்களே தூக்கிப் பாருங்கள்.

இன்னொன்று, வீடில்லாத பிள்ளைகளுக்காக 1987-இல் வந்த மெக்கின்னி-வென்ட்டோ சட்டப்படி ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் ஒரு பொறுப்பாளர் இருந்தே ஆக வேண்டும். வீடில்லாதவர் என்றால் தெருவில் இருப்பவர் மட்டுமில்லை, வாடகை கட்ட முடியாமல் சொந்தக்காரர் வீட்டு ஹாலில் ஒண்டியிருக்கும் குடும்பமும் அதில் வரும். அந்தப் பொறுப்பாளரைப் பிடித்தீர்கள் என்றால் பெட்ரோல் கார்டு, துணி துவைக்கிற கடைக்குக் காசு, இப்படிச் சின்னச் சின்னதாக ஆனால் உடனே தேவைப்படுவது எது என்று தெரிந்துவிடும். யாருக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்புவதானால் பின்னணிச் சரிபார்ப்பு முடித்து, ஒரே கிழமை ஒரே நேரம் வருஷம் முழுக்க வருகிற ஆளாக அனுப்புங்கள். மூன்று வாரம் வந்துவிட்டு நாலாம் வாரம் ஃபீனிக்சுக்கு வெயில் காயப் போகிற தாத்தா வேண்டாம், பிள்ளை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆசிரியர்களுக்குச் செய்ய வேண்டும் என்றால் பெற்றோர் சந்திப்பு நடக்கிற வாரத்தில் ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். அசனப் பண்டிகைக்கு ஊருக்கே சோறு போட்ட ஆட்கள் நீங்கள், இதைச் சொல்லித் தரவா வேண்டும். சாப்பாட்டோடு சபை ஆராதனை நேரம் அச்சடித்த கார்டு மட்டும் வைக்காதீர்கள்.

---

வக்கீல்_இல்லை

மேலே டீச்சர் சொன்னதற்கு ஒரு சட்டப் பின்னணி. பெயரிலேயே சொல்லிவிட்டேன், நான் வக்கீல் இல்லை, பள்ளி போர்டு கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின்படி அரசுப் பள்ளி தானாக ஜெபம் நடத்தக் கூடாது (1962, எங்கல் வழக்கு), பைபிள் வாசிப்பைப் பள்ளியின் தினசரிச் சடங்காக வைக்கக் கூடாது (1963, ஆபிங்டன் வழக்கு). ஆனால் பள்ளிக் கட்டடத்துக்கு வெளியே, பெற்றோர் சம்மதத்தோடு, மத போதனைக்குப் பிள்ளையை விட்டுவிடலாம் என்று 1952-லேயே ஸோராக் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. 2001-இல் நியூயார்க் மாநிலத்து மில்ஃபர்ட் பள்ளி வழக்கில், பள்ளி முடிந்த பிறகு மற்றச் சங்கங்களுக்கு இடம் கொடுத்தால் கிறிஸ்தவக் குழந்தைகள் சங்கத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 2022-இல் உங்கள் பக்கத்து வாஷிங்டன் மாநிலத்து ஃபுட்பால் கோச் வழக்கிலும், மைதானத்தில் அவர் செய்த ஜெபம் அவருடைய சொந்த உரிமை என்று முடிந்தது.

ஆகவே உங்கள் கமிட்டியின் நோட்டீஸ் கட்சிக்காரர் சட்டம் பேசினால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் வரும். சாக்கர் கிளப் நோட்டீசையும் ஸ்கவுட் நோட்டீசையும் பள்ளி கொடுத்தனுப்புகிறது என்றால், சர்ச் கேம்ப் நோட்டீசை மதம் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுவது அவர்களுக்குச் சிரமம். ஆனால் நீங்கள் சாக்ஸ் கொடுக்கிற அதே கையால் நோட்டீசும் கொடுத்தால் கவுன்சிலர் அடுத்த முறை உங்கள் போனை எடுக்கத் தயங்குவார். சாக்ஸ் வாங்கிய தாய்க்கு, நோட்டீசுக்கும் பதில் சொல்ல வேண்டுமோ என்ற நெருக்கடி வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டையும் வேறு வேறு வழியில்தான் வைப்பேன்.

சாமான் கொடுப்பதைத் தாண்டியும் ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. ஓரிகனில் 1990-இல் மெஷர் 5 என்ற ஓட்டெடுப்புச் சட்டம் வந்து வீட்டு வரியில் பள்ளிக்குப் போவதற்கு உச்சவரம்பு போட்ட பிறகு பள்ளிப் பணம் பெரும்பாலும் மாநிலத்தின் கையில்தான். அதற்கு மேல் வேண்டும் என்றால் உள்ளூர் லெவி (கூடுதல் வரி), பாண்டு (கடன் பத்திரம்) என்று ஓட்டுக்கு வரும். சபை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது, வரிவிலக்கு போய்விடும். ஆனால் லெவி போன்ற ஓட்டெடுப்பில் ஓர் அளவுக்குள் கருத்துச் சொல்லலாம், தகவல் கூட்டம் நடத்த ஹாலைத் திறந்துவிடலாம். டெக்சஸில் 2013-இல் தொடங்கிய 'பாஸ்டர்ஸ் ஃபார் டெக்சஸ் சில்ரன்' என்ற போதகர் அமைப்பு தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சருக்கு எதிராக, அரசுப் பள்ளிக்காக, வருஷக்கணக்கில் சட்டசபை வாசலில் நின்றது. 2025-இல் வவுச்சர் சட்டம் நிறைவேறியே விட்டது, அது வேறு கதை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிப்போட வைத்ததில் கிராமத்துப் போதகர்களுக்குப் பங்கு உண்டு.

---

கருவேலங்காடு

ஒரு சந்தேகம். நாமெல்லாம் வரி கட்டுகிறோம். காணிக்கைப் பணத்தை எடுத்து அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைக்குக் கொடுப்பானேன்? ஊரில் எத்தனை சபை ஸ்கூல் கூரை ஒழுகிக்கொண்டிருக்கிறது, அங்கே அனுப்பலாமே.

---

சாக்பீஸ்தூள்

@கருவேலங்காடு உயிலில் எதிர்த்தெரு ஸ்கூல் என்று எழுதியிருக்கிறது அண்ணே. நாம் யார் மாற்ற.

---

மழைக்கோட்டு

நான் காலேஜ் படித்த காலத்தில் கோடைக்குக் கோடை சர்ச் கேம்பில் வேலை பார்த்தவன், முதலில் சமையல்கட்டு, பிறகு கவுன்சிலர், அதாவது பிள்ளைகளோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்பவர். இப்போதும் மே மாதத்தில் கேம்ப் திறக்கும் வேலைக்குப் போவேன்: மெத்தை தூக்குவது, குளிரில் வெடித்த பைப் மாற்றுவது, விழுந்த மரத்தை அறுத்து அடுக்குவது. அதனால் நீண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டைக்காரரே, நீங்கள் ஸ்கூல் ஒரு பக்கம், கேம்ப் ஒரு பக்கம் என்று பணத்தை இரண்டாக வெட்டப் பார்க்கிறீர்கள். ஓரிகனில் அந்த இரண்டும் ஏற்கெனவே ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அவுட்டோர் ஸ்கூல்! இங்கே ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அரசுப் பள்ளியே சில நாள், சில மாவட்டங்களில் கிட்டத்தட்ட ஒரு வாரம், காட்டுக்குக் கூட்டிப் போகும். மண், நீர், செடி, பிராணி என்று வெளியிலேயே பாடம். போர்ட்லாந்து இருக்கும் மல்ட்னோமா வட்டாரத்தில் 1966-இலிருந்து நடக்கிறது. 2016 நவம்பரில் மெஷர் 99 ஓட்டெடுப்பில் ஜெயித்து, மாநில லாட்டரி வருமானத்தில் 4 சதவீதம், வருஷத்துக்கு 2.2 கோடி டாலருக்கு மிகாமல், இதற்கென்று ஒதுக்கச் சட்டமானது. ஓரிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியின் எக்ஸ்டென்ஷன் பிரிவுதான் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறது.

சரி, அத்தனை பிள்ளைகளும் எங்கே தங்குவார்கள்? பள்ளிகளிடம் பெரும்பாலும் சொந்தக் கேம்ப் கிடையாது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் காலியாகக் கிடக்கும் தனியார் கேம்புகளை வாடகைக்கு எடுப்பார்கள், அதில் நிறைய சர்ச் கேம்ப். கத்தோலிக்கர்களின் கேம்ப் ஹோவர்டில் நடந்திருக்கிறது. கோடையில் மட்டும் பிள்ளை வந்தால் கேம்ப் பிழைக்காது, இந்த வாடகைதான் பல கேம்புகளுக்கு மூச்சு. (சூதாட்டம் கூடாது என்று மெதடிஸ்ட் சபை கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது, லாட்டரிக் காசில் சர்ச் கேம்ப் ஓடுகிறது. இதைக் கமிட்டியில் சொல்லிப் பாருங்கள், காப்பி குடிக்கப் போனவர் திரும்பி வருவார்.)

இதில் சபைக்கு இடம் எங்கே என்றால், மாநிலப் பணம் பெரும்பாலும் தங்கும் இடம், சாப்பாடு, பஸ், ஆள் கூலி என்று போய்விடும். ஏப்ரல் மாதக் காஸ்கேட் மலை அடிவாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்க மழை. பிள்ளை காட்டன் ஹூடி, கேன்வாஸ் ஷூவோடு பஸ்ஸை விட்டு இறங்கும். முதல் நாள் மத்தியானமே ஷூவுக்குள் தண்ணீர், ராத்திரி ஹீட்டர் பக்கத்தில் வரிசையாக ஈரச் சாக்ஸ், மறுநாள் ஓடைக்குப் போய்ப் பூச்சி பிடிக்கச் சொன்னால் அழுகை. சில கேம்பில் கடன் கொடுக்க மழைக்கோட்டு வைத்திருப்பார்கள், எல்லா அளவும் இருக்காது. ஸ்லீப்பிங் பேக் இல்லாததால் காய்ச்சல் என்று பொய் சொல்லி வராமல் இருந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. ஒரு சபை, ஒரு பள்ளிக்கு மட்டும், ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, ஸ்லீப்பிங் பேக், கம்பளிச் சாக்ஸ் என்று ஒரு அலமாரி வைத்துப் பராமரித்தால் அது பல வருஷம் வேலை செய்யும். சாமான் பள்ளியின் கையில் இருக்கட்டும், கவுன்சிலர் கொடுக்கட்டும். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் வாங்காதீர்கள், இலவசக் கோட்டு எது என்று ஐந்தாம் வகுப்பு உடனே கண்டுபிடித்துவிடும்.

அந்த வாரத்தில் மதம் எதுவும் கிடையாது, நடத்துவது பள்ளி. கழுத்தில் மரத்தைக் குறுக்காக அறுத்த ஒரு சின்ன வில்லையில் பெயர் எழுதித் தொங்கவிட்டுக்கொள்வார்கள், பாடத்துக்கு ஒன்றாக மணி கோர்ப்பார்கள், ஹை ஸ்கூல் பிள்ளைகள் தலைவர்களாக வந்து ஏதாவது காட்டுப் பெயர் வைத்துக்கொள்வார்கள். என் மகள் அந்த வில்லையை இன்னும் மேசை விளக்கில் மாட்டி வைத்திருக்கிறாள்.

கேம்ப் பணம் பற்றிக் கேட்டீர்கள். நான் கட்டடம் என்றுதான் சொல்வேன், அதிலும் யார் கண்ணுக்கும் தெரியாத கட்டடம். பிள்ளைக் கட்டணத்துக்கு நன்கொடை வாங்குவது சுலபம், முகம் இருக்கிறது, நன்றிக் கடிதம் வருகிறது. செப்டிக் டாங்குக்கு யார் கொடுப்பார்? அது போனால் சுகாதாரத் துறை கேம்பையே மூடிவிடும். கேபினில் ஹீட்டர் இல்லாவிட்டால் ஏப்ரலில் பள்ளிகள் வராது, பள்ளிகள் வராவிட்டால் கோடைக் கேம்பும் நாலு வருஷத்தில் நிலத்தோடு விற்பனைக்கு வரும். கொடுப்பதற்கு முன்னால் கேம்ப் டைரக்டரிடம் அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் அங்கீகாரம் இருக்கிறதா, வெள்ளம், காட்டுத் தீ என்றால் வெளியேறத் திட்டம் என்ன, ராத்திரி எச்சரிக்கை எப்படி வரும் என்று கேளுங்கள். 2025 ஜூலை 4 அன்று டெக்சஸில் குவாடலூப் ஆறு பெருகிக் கேம்ப் மிஸ்டிக்கில் சிறுமிகளும் கவுன்சிலர்களுமாக 27 பேர் உயிரிழந்த பிறகு இதைக் கேட்பதில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சைரனுக்கும் வாக்கி டாக்கிக்கும் பணம் தேவைப்பட்டால் முதலில் அதற்கே கொடுங்கள்.

அப்புறம் பணம் இல்லாத உதவி ஒன்று. ஒவ்வொரு வாரமும் கேம்புக்கு நர்ஸ் வேண்டும், கிடைப்பதில்லை. நம்ம ஆட்களில் நர்ஸ் இல்லாத குடும்பம் உண்டா?

---

தயிர்சாதம்

நான் சர்ச் ஆள் இல்லை, இந்து, ஆனால் இந்த அவுட்டோர் ஸ்கூல் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் பையன் ஐந்தாம் வகுப்பில் போனான். பெர்மிஷன் தாள் வந்ததும் கேம்ப் பெயரைத் தேடிப் பார்த்தால் அது ஒரு சர்ச்சின் கேம்ப். வீட்டில் ஒரே சண்டை. மாமியார் ஊரிலிருந்து வீடியோ காலில், 'ராத்திரியில் பச்சைப் பிள்ளையைக் காட்டில் விடுவாளா ஒருத்தி' என்று வேறு. அவருக்கு மதம் பிரச்சினையே இல்லை, கரடிதான் பிரச்சினை.

டீச்சரிடம் நேரே போய்க் கேட்டேன். இடம் மட்டும்தான் அவர்களுடையது, பாடம் நாங்கள்தான் நடத்துகிறோம் என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெரிய சிலுவை இருந்ததாம், அதைப் பற்றிப் பையன் சொன்னது அவ்வளவுதான், மீதியெல்லாம் வாழைப்பழ நத்தையைப் (ஓடில்லாத மஞ்சள் நத்தை) பற்றித்தான். வெஜிடேரியன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன், தனியாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். சோறு மட்டும் கண்ணில் காணவில்லையாம்.

எனக்குப் பிடிக்காமல் போனது வேறொன்று. போவதற்கு முன்னால் யாரோ தன்னார்வலர்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் டார்ச்சும் மிட்டாயும் போட்டு ஒரு சின்னப் பை கொடுத்தார்கள், நல்ல மனசு. உள்ளே மடித்து ஒரு வசனத் தாள். பையன் மிட்டாயைத் தின்றுவிட்டுத் தாளை என்னிடம் கொடுத்தான். அது ஒன்றும் தப்பான வசனம் இல்லை, அழகான வரிதான். ஆனால் என்னைக் கேட்காமல் என் பிள்ளையின் பையில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அடுத்த வருஷம் தங்கச்சி போகும்போது பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். உங்கள் சபை மழைக்கோட்டு கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன், வருஷா வருஷம் வந்து அடுக்கியும் கொடுப்பேன். பாக்கெட்டில் ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும்.

நிறையப் பெற்றோர், குறிப்பாக நம்ம மாதிரி வந்தவர்கள், ராத்திரித் தங்கல் என்றாலே கையெழுத்துப் போடுவதில்லை. கேம்ப் எப்படி இருக்கும், எங்கே படுப்பார்கள், போன் உண்டா என்று தமிழிலோ ஸ்பானிஷிலோ ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சொன்னால் பாதிப் பயம் போய்விடும். அதற்கு ஸ்கூலில் ஆள் இல்லை. ஏற்கெனவே அனுப்பிய அம்மாக்கள் பேசினால் எடுபடும்.

---

பாளையங்கோட்டைக்காரன்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. @தயிர்சாதம் அக்கா, வசனத் தாள் விஷயத்தை அப்படியே கமிட்டியில் வாசித்தேன். நோட்டீஸ் கட்சிக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் 'அப்படியென்றால் நாம் கிறிஸ்தவர்கள் என்று எப்படித் தெரியும்' என்று கேட்டார். எங்கள் பாஸ்டர் அம்மா, எதிர்த்தெருவில்தானே இருக்கிறோம், தெரியும் என்றார். நோட்டீஸ்காரர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, கேம்ப் நோட்டீசை சபைப் பலகையில் ஒட்டுவது, வருகிறவர்கள் வரட்டும் என்பது வரைக்கும் இறங்கி வந்திருக்கிறார்.

ஸ்கூல் கவுன்சிலரைப் பார்த்தேன். சாக்பீஸ்தூள் சொன்ன மாதிரியே பை வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தார். அவுட்டோர் ஸ்கூல் அலமாரி என்றதும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, பூட்ஸ் அளவுகளை ஒரு தாளில் எழுத ஆரம்பித்துவிட்டார். ஐந்தாம் வகுப்பில் பெரியவர் அளவு பூட்ஸ் போடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்களாம், சின்ன அளவாகவே வாங்கிக் குவிக்காதீர்கள் என்றார். சாக்ஸ், உள்ளாடைக்கு வருஷா வருஷம் ஒரு சின்னத் தொகை தனியாக வைக்கிறோம். அறுப்பின் பண்டிகை ஏலம் மாதிரி ஒன்று நடத்தி அதற்குப் பணம் சேர்க்கலாம் என்று நான் சொன்னேன், ஒரு பூசணிக்காயை நூறு டாலருக்கு ஏலம் எடுப்பது ஏன் என்று விளக்குவதற்குள் மீட்டிங் நேரம் முடிந்துவிட்டது.

கேம்ப் டைரக்டருக்கும் மெயில் போட்டிருக்கிறேன், ஹீட்டரா சைரனா எது முதலில் என்று. இன்னும் பதில் இல்லை, கோடை நெருங்குகிறது, பிசியாக இருப்பார்கள்.

@மழைக்கோட்டு, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக் எல்லாம் ஈரமும் சேறுமாகத் திரும்பி வருமே, அடுத்த வகுப்பு போவதற்குள் துவைத்துக் காயவைத்தாக வேண்டும். எங்கள் சபையில் இருப்பது சாதாரண வாஷிங் மெஷின், ஒன்றைத்தான் திணிக்க முடிகிறது. காயின் லாண்டரிக்குக் கொண்டுபோனால் பெரிய டிரையரில் போடலாமா, உள்ளே இருக்கும் பஞ்சு கட்டிபட்டுப் போகுமா? கேம்பில் நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?